பேரை விடுங்கள், கப்பலைப் பிடியுங்கள்: போர்க்காலத்தில் கடலுக்குப் போன பர்மாத் தமிழரைத் தேட ஒரு முழு வழிகாட்டி

யாங்கோனில் பொட்டட்டாங் பக்கமோ, ஆற்றுக்கு அக்கரையில் தான்லியினிலோ தமிழ்க் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசினால், "எங்க தாத்தா சண்டைக் காலத்துல கப்பல்ல இருந்தாரு" என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். எந்தக் கப்பல், யாருடைய கப்பல், என்ன வேலை என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். காகிதம் இருக்காது. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது மலையேறி நடந்தே இந்தியாவுக்குப் போனவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டா போனார்கள்? 1964-க்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களும் கைக்குக் கிடைத்ததோடுதான் கப்பலேறினார்கள். இங்கேயே தங்கிவிட்டவர்கள் வீட்டில் மிச்சமிருந்ததைக் கறையானும் மழைக்கால ஈரமும் தின்றன.

ஆனால் அந்த மனிதரைப் பற்றிய எழுத்து உலகத்தில் எங்குமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மும்பையில் இருக்கலாம், டெல்லியில் இருக்கலாம், லண்டனில் இருக்கலாம், சிட்டகாங்கில் ஒரு புத்தகத்தில் ஒரே ஒரு வரியாக இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், நாம் பேரை வைத்துத் தேடுகிறோம். அந்த அலுவலகங்கள் கப்பலையும் எண்ணையும் வைத்து அடுக்கியிருக்கின்றன. நம் பேரை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். அடுத்த துறைமுகத்துக் குமாஸ்தா வேறு மாதிரி எழுதினார். கப்பலின் பேரை மட்டும் யாரும் தப்பாக எழுதவில்லை. எனவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே நோக்கம்தான்: முதலில் கப்பலைக் கண்டுபிடிப்பது, பிறகு அதன் வழியாக ஆளை அடைவது.

யார் சம்பளத்தில் இருந்தார்?

"கப்பல்ல இருந்தாரு" என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வாழ்க்கைகள் அடங்கியிருக்கின்றன. நான்குக்கும் ஆவணங்கள் இருக்கும் இடம் வேறு. இதைப் பிரித்துக்கொள்ளாமல் தேடத் தொடங்கினால் மாதக்கணக்கில் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

முதலாவது, ராயல் இந்தியக் கடற்படை. 1934 வரை ராயல் இந்தியன் மரைன் என்று இருந்தது அந்த வருடம்தான் கடற்படை ஆனது. போர் தொடங்கியபோது இரண்டாயிரம் பேர்கூட இல்லாத படை, முடிவதற்குள் இருபதாயிரத்தைத் தாண்டியது. தஞ்சாவூர், ராமநாதபுரம், திருநெல்வேலிப் பையன்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். அகதியாக நடந்துபோய், ஊரில் பிழைக்க வழியில்லாமல் அங்கிருந்து கடற்படையில் சேர்ந்த ரங்கூன் பையன்களின் கதைகளும் நம் குடும்பங்களில் உண்டு.

இரண்டாவது, பர்மாவின் சொந்தத் தன்னார்வக் கடற்படைப் பிரிவு. பர்மா ராயல் நேவல் வாலண்டியர் ரிசர்வ் என்று பேர். 1940-ல் தொடங்கியது. 1937 ஏப்ரல் 1 அன்றே பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிந்துவிட்டதால், இதன் காகிதங்கள் இந்தியக் கடற்படைக் காகிதங்களோடு சேரவில்லை. ரங்கூன் விழுந்ததும் இந்தப் பிரிவினர் இந்தியாவுக்குப் போய், பிறகு மோட்டார் லாஞ்சுகளில் அராக்கான் ஓடைகளுக்குத் திரும்பி வந்து சண்டையிட்டார்கள்.

மூன்றாவது, வணிகக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சிந்தியா கம்பெனி, கிளாஸ்கோவிலிருந்து ரங்கூனுக்கு ஓட்டிய ஹெண்டர்சன் கம்பெனி போன்றவை. செராங் (கப்பலாட்களின் தலைவர்), சுக்காணி, பண்டாரி (சமையல்காரர்), பயர்மேன், லஸ்கர் (சாதாரண இந்தியக் கப்பலாள்) என்று உங்கள் வீட்டில் ஒரு சொல் புழங்கியிருந்தால் இந்தப் பக்கம் பாருங்கள். சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனால் டார்பிடோவுக்கு அது தெரியாது. போரில் கடலில் இறந்த நம்மவர்களில் பெரும்பங்கு இவர்கள்தான். இவர்களைப் படைவீரராகக் கணக்கில் எடுக்காமல் ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் குடும்பங்களிலேயே இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

நான்காவது, உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துப் பிரிவு. பர்மாவின் சிந்த்வின் ஆற்றிலும் ஐராவதியிலும் 1944, 45-ல் படகு ஓட்டிய, படகு கட்டிய ஆட்கள். வேலை தண்ணீரில் என்றாலும் இது ராணுவத்தின் இஞ்சினியர் பிரிவு. இவர்களைக் கடற்படைப் பட்டியலில் தேடினால் கிடைக்கவே மாட்டார்கள். முதல் உலகப் போரிலும் இதே மாதிரி ஒரு பிரிவு டைக்ரிஸ் ஆற்றுக்குப் போனது. ஐராவதியில் ஓடிய படகுகளும் அங்கே கொண்டுபோகப்பட்டன. வீட்டில் "பஸ்ராவுக்குப் போனாரு" என்ற பேச்சு இருந்தால் அதையும் மனதில் வையுங்கள்.

இவை தவிர, நேதாஜியின் ஐ.என்.ஏ-வில் இருந்தவரைக் காலப்போக்கில் "நேவி" என்று சொல்லத் தொடங்கிய குடும்பங்களும் உண்டு. அப்படி இருந்தால் தேட வேண்டிய இடம் டெல்லியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ கோப்புகள். அது தனிப் பாதை, இங்கே அதற்குள் போகவில்லை.

பெரியவர்களிடம் தேதி கேட்காதீர்கள்

தொண்ணூறு வயது அத்தையிடம் போய் "எந்த வருஷம் போனாரு?" என்று கேட்டால் "எனக்கென்னப்பா தெரியும்" என்பதுதான் பதிலாக வரும். அவர் வாழ்க்கையில் தேதி கிடையாது, சம்பவங்கள்தான் உண்டு. அதைப் பிடித்துக் கேளுங்கள்.

"அத்தே, ரங்கூன்ல சப்பான்காரன் குண்டு போட்டப்ப தாத்தா வீட்ல இருந்தாரா?"

"எங்கடா இருந்தாரு! நாங்க மட்டுந்தான் குழிக்குள்ள கெடந்தோம். அவரு போயி ரெண்டு மாசம் இருக்கும். கல்கத்தாவுலேருந்து மணியார்டர் வந்துச்சே."

இந்த இரண்டு வரி பொன். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23, அடுத்த பெரிய தாக்குதல் டிசம்பர் 25. ஆகவே தாத்தா அக்டோபர் வாக்கில் கிளம்பியிருக்கிறார், கப்பல் கல்கத்தாவைத் தொட்டிருக்கிறது, பணம் ஒழுங்காக வந்ததால் சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு எழுதிவைத்திருக்கிறார். கப்பலின் பேர் தெரியாவிட்டாலும், பின்னால் கிடைக்கும் கப்பல்களில் எது பொருந்தும் எது பொருந்தாது என்று கழிக்க இது போதும்.

இதே மாதிரி 1942 மார்ச் 8 ரங்கூன் வீழ்ச்சி, அதற்கு முந்தைய நாள் துறைமுகத்தையும் சிரியம் (இன்றைய தான்லியின்) எண்ணெய் ஆலையையும் வெடிவைத்துத் தகர்த்தது, 1945 மே தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது ஆகியவற்றைக் கம்பமாக நட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முன்பா பின்பா என்று கேளுங்கள். முதல் உலகப் போர் தலைமுறைக்கு எம்டன் சென்னையில் குண்டு போட்ட 1914 செப்டம்பர் 22 ஒரு கம்பம். அன்று எரிந்தது பர்மா ஆயில் கம்பெனியின் டாங்கிகள் என்பதால் ரங்கூனிலும் அந்தப் பேச்சு பெரிதாக இருந்தது.

ஊர் திரும்பும்போது என்ன சாமான் கொண்டுவந்தார் என்று கேளுங்கள். எந்த மொழியில் திட்டுவார் என்று கேளுங்கள். இந்துஸ்தானி கலந்து பேசியவர் என்றால் பம்பாய், கராச்சிப் பக்கம் பயிற்சி எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. கூடப் போன ஊர்க்காரர் பேரைக் கட்டாயம் கேளுங்கள். லஸ்கர்களைச் செராங்தான் தன் ஊரிலிருந்தும் சொந்தத்திலிருந்தும் பொறுக்கிக் கூட்டிப் போவார். உங்கள் தாத்தா பேர் சிதைந்துபோயிருந்தாலும் அதே பட்டியலில் கூட்டாளியின் பேர் தெளிவாக இருக்கலாம்.

கையில் கிடைப்பதை எப்படிப் படிப்பது

வணிகக் கப்பல்காரர்களிடம் ஒரு சிறு புத்தகம் இருக்கும். சி.டி.சி. என்று இன்றும் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் சொல்வது அதன் வாரிசைத்தான். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. இடப்பக்கம் கப்பலின் பேர், அதன் கீழே பொடியாக ஓர் எண், பதிவான துறைமுகம். அடுத்து ஏறிய இடமும் தேதியும், இறங்கிய இடமும் தேதியும். பிறகு வேலை. கடைசியில் வேலைத் திறமைக்கும் நடத்தைக்கும் இரண்டு முத்திரைகள், பெரும்பாலும் "வெரி குட்" என்று. எல்லோரும் அந்த முத்திரையைத்தான் முதலில் பார்த்துப் பூரிக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது கப்பல் பேருக்குக் கீழே இருக்கும் அந்தப் பொடி எண்ணை. அது கப்பலின் அதிகாரபூர்வ எண். பிரிட்டிஷ் பதிவில் உள்ள எந்த இரண்டு கப்பலுக்கும் ஒரே எண் இருக்காது, கப்பல் கைமாறிப் பேர் மாறினாலும் எண் மாறாது. லண்டன் ஆவணக் காப்பகத்தில் போர்க்கால ஆள் பட்டியல்கள் அந்த எண் வரிசையில்தான் இருக்கின்றன.

மை மங்கிப்போயிருந்தால் அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைப் பக்கத்தின் ஓரத்திலிருந்து படுக்கைவாட்டில் அடியுங்கள். அழுத்தி எழுதிய பேனாவின் பள்ளம் நிழலாக எழும்பும். அதை இன்னொரு போனில் படமெடுத்து நிறத்தை எதிர்மறையாக மாற்றிப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் லாமினேட் செய்துவிடாதீர்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிய்க்கவும் வேண்டாம்.

பதக்கம் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இந்திய அரசு கொடுத்த பதக்கங்களில் பேரும் எண்ணும் பொறித்திருப்பது உண்டு. நட்சத்திரம் என்றால் பின்புறமும், வட்டப் பதக்கம் என்றால் விளிம்பிலும் பாருங்கள். தேய்த்தால் முதலில் போவது அதுதான். ஆறு முனை வெண்கல நட்சத்திரத்தில் நடுவே அரசரின் எழுத்தும் சுற்றி நட்சத்திரத்தின் பேரும் இருக்கும். பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான சேவைக்கு. அதன் ரிப்பன் கருநீலம், நடுவில் அகலச் சிவப்பு, இரு பக்க நீலத்திலும் ஒவ்வோர் ஆரஞ்சுக் கோடு. வங்காள விரிகுடாவில் ஓடிய கப்பலில் இருந்தவர்களும் இதற்குத் தகுதி பெற்றார்கள், வணிகக் கப்பல்காரர்கள் உட்பட. இந்தியா சர்வீஸ் மெடல் இருந்தால் முக்கியமான தடயம். அது இந்தியப் படைகளில் இருந்தவர்களுக்கு உரியது. எனவே தேடலை ராயல் இந்தியக் கடற்படை, ராணுவம் பக்கம் திருப்புங்கள்.

புகைப்படத்தில் முகத்தைவிடத் தொப்பிப் பட்டியைப் பாருங்கள். போர்க்காலத்தில் கப்பல் பேரை எதிரி தெரிந்துகொள்ளக் கூடாது என்று கடற்படைகளில் வெறும் முன்னெழுத்துகளை மட்டும் போட்டார்கள். எனவே பேர் இல்லாததே போர்க்காலப் படம் என்பதற்கு ஓர் அடையாளம். அட்டையின் பின்னால் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும்.

கப்பல் பேர் கிடைத்துவிட்டது என்றால்

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று, கடற்படையில் கரையில் இருக்கும் கட்டடத்துக்கும் கப்பல் பேர்தான். எச்.எம்.ஐ.எஸ். (அரசரின் இந்தியக் கப்பல்) தல்வார் பம்பாயில் இருந்த சிக்னல் பள்ளி. அடையாறு என்பது சென்னைத் தளம், சர்க்கார்ஸ் விசாகப்பட்டினம், வேந்துருத்தி கொச்சி, ஹூக்ளி கல்கத்தா, பகதூரும் ஹிமாலயாவும் கராச்சி. "அடையாறு என்ற போர்க்கப்பலில் இரண்டு வருஷம்" என்று காகிதத்தில் இருந்தால் அவர் சென்னைக் கரையில் வேலை பார்த்தார் என்று பொருள். அதனால் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் அந்தக் கப்பல் எங்கே சண்டையிட்டது என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர்ப் பேர்களே கப்பல் பேர்கள். ஹெண்டர்சன் கம்பெனிக் கப்பல்களுக்கு பெகு, புரோம், சகாயிங், அமரபுரா, யோமா, கெம்மண்டைன் என்று பேர் வைத்திருந்தார்கள். "சகாயிங்குல இருக்கும்போது குண்டு விழுந்துச்சு" என்று பாட்டி சொன்னால் அது மந்தலேக்கு எதிர்க்கரை ஊரா, 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய கப்பலா என்று யோசிக்க வேண்டும். சிந்தியா கம்பெனிக் கப்பல் பேர்கள் பெரும்பாலும் "ஜல" என்று தொடங்கும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்கள் ராஜுலா, ரோனா, எல்லெங்கா, கரகோலா என்று "ஆ" ஓசையில் முடியும். வீட்டில் யாராவது பாதிப் பேரை நினைவில் வைத்திருந்தால் இந்தப் பழக்கங்கள் மீதியை நிரப்ப உதவும்.

வணிகக் கப்பல் என்றால் பேரை எண்ணாக மாற்ற இணையத்தில் கிளிப் (CLIP) என்ற இலவசத் தரவுத்தளம் இருக்கிறது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் ஆள் பட்டியல் ஆய்வுக்கென்றே ஆர்வலர்கள் நடத்துவது. கப்பல் பேரை அடித்தால் அதிகாரபூர்வ எண் வரும். ஒரே பேரில் பல கப்பல்கள் வந்தால் பதிவுத் துறைமுகத்தையும் கட்டிய வருடத்தையும் வைத்துப் பிரியுங்கள்.

எண் கிடைத்ததும் லண்டன் க்யூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இரண்டு தொகுதிகளைப் பாருங்கள். பி.டி. (BT) 389 கப்பல்களின் போர்க்கால நடமாட்ட அட்டைகள். எந்தத் தேதியில் எந்தத் துறைமுகம் என்று இருக்கும். இதைத்தான் அத்தையின் மணியார்டர் கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும். அக்டோபர் 1941-ல் கப்பல் கல்கத்தாவில் நின்றிருந்தால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள். லிவர்பூலில் நின்றிருந்தால் வேறு கப்பல். பி.டி. 381 என்பது 1939 முதல் 1945 வரையிலான ஆள் பட்டியல்களும் கப்பல் குறிப்பேடுகளும். இதில் கவனமாக இருக்க வேண்டும். இந்திய ஆட்களுக்குத் தனி ஒப்பந்தம், தனித் தாள். கோப்பு கேட்கும்போது "லஸ்கர் ஒப்பந்தத் தாள்" என்று குறிப்பிட்டே கேளுங்கள். இல்லாவிட்டால் மேலதிகாரிகளின் தாளை மட்டும் நகலெடுத்து அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது. சில கோப்புகளில் மேலதிகாரிகளின் தாள் ஒன்றுதான் மிஞ்சியும் இருக்கும். அப்படியானால் அதே கப்பலின் முந்தைய, பிந்தைய ஒப்பந்தத்தைக் கேளுங்கள்.

முதல் உலகப் போருக்கு ஒரு வசதி. 1915-ஆம் ஆண்டின் ஆள் பட்டியல்கள் மட்டும் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகமும் தேசிய ஆவணக் காப்பகமும் சேர்ந்து எழுத்துப்பெயர்த்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. 1938 வரையிலான மற்ற ஆண்டுகளின் பட்டியல்களில் பெரும்பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கிறது. கட்டணம் கட்டினால் தேடி நகல் அனுப்புவார்கள். மியன்மாரிலிருந்து வெளிநாட்டுக்குக் கார்டில் பணம் கட்டுவது சிரமம் என்பதால், சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் சொந்தக்காரரின் பேரில் விண்ணப்பிப்பது நல்லது.

வங்காள விரிகுடாவில் எப்போது என்ன நடந்தது

கப்பல் பேர் கிடைக்கவே இல்லை, காலம் மட்டும் ஓரளவு தெரியும் என்றால் இந்தத் தேதிகளோடு ஒட்டிப் பாருங்கள்.

1942 ஏப்ரல் முதல் வாரம் மிகக் கொடுமையானது. ஜப்பானியக் கப்பல் படை விரிகுடாவுக்குள் புகுந்து, சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஏப்ரல் 6 அன்று ஒரிசாக் கரைக்கு அப்பால் பல கப்பல்கள் போயின. அதே நாளில் அக்யாப் அருகே, அதாவது இன்றைய சித்வேயில், எச்.எம்.ஐ.எஸ். இண்டஸ் என்ற இந்தியக் கடற்படைக் கப்பலை விமானங்கள் மூழ்கடித்தன. அதே நாளில்தான் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. "நடந்து போன வருஷம் வெயில் காலத்துல சேதி வந்துச்சு" என்று யாராவது சொன்னால் இந்த வாரத்தை முதலில் ஆராயுங்கள்.

1945 ஜனவரி இன்னொரு முடிச்சு. அக்யாப், மியேபோன், ராம்ரீ, கங்காவ், செடுபா என்று ஒரே மாதத்தில் அடுக்கடுக்காகப் படைகள் கரையிறங்கின. ஜம்னா, நர்பதா போன்ற இந்தியக் கப்பல்கள் பீரங்கியால் வழிவகுத்தன. சதுப்பு ஓடைகளுக்குள் மோட்டார் லாஞ்சுகளும் இறங்கு படகுகளும் போயின. தாத்தா "ஓடைக்குள்ள போயி சண்ட போட்டோம்" என்று சொல்லியிருந்தால் அது கதை இல்லை. மே 2 அன்று ரங்கூன் ஆற்று முகத்தில் இறங்கியபோதும் இந்தியக் கப்பல்கள் இருந்தன. பிறந்த ஊருக்கே போர்க்கப்பலில் திரும்பி வந்த தமிழ்ப் பையன்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

நம் கடலோடு முடிந்துவிடவும் இல்லை. சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் வழியில் ஓடி நம்மவர்களை ஏற்றி இறக்கிய ரோனா, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியாவுக்கு அப்பால் ஜெர்மன் வழிகாட்டு குண்டு பட்டு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள் என்பதை உலகம் எழுதுகிறது. கூடவே போன இந்தியக் கப்பலாட்களைப் பற்றி நாம்தான் எழுத வேண்டும்.

கடலில் இறந்தவர் என்றால்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளம்தான் முதல் படி. இலவசம்.

யாங்கோன்காரர்கள் பலரும் நேராகத் தௌக்கியான் கல்லறைக்குப் போய், அங்கே தூண்களில் பேர் இல்லை என்று மனம் உடைந்து திரும்புகிறார்கள். தௌக்கியானில் இருக்கும் ரங்கூன் நினைவுச் சின்னத்தின் ஏறத்தாழ 27,000 பேர்கள் தரைப்படையினருடையவை. கடலில் போய் உடல் கிடைக்காத இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல்காரர்களும் பம்பாய், சிட்டகாங் 1939-1945 நினைவேட்டில் இருக்கிறார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பேர்கள். கல்லில் பொறிக்கவில்லை, புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரி இரண்டு பிரதிகள்: ஒன்று சிட்டகாங் போர்க் கல்லறையில், மற்றது மும்பை இந்திய மாலுமிகள் இல்லத்தில். முதல் உலகப் போருக்கான பம்பாய் நினைவுச் சின்னமும் அதே இல்லத்தில்தான். ஆற்றுப் படகுப் பிரிவில் மெசபடோமியாவில் இறந்தவர் என்றால் பாஸ்ரா நினைவுச் சின்னத்தைப் பாருங்கள்.

தேடும்போது முழுப் பேரை அடிக்காதீர்கள். படைப் பிரிவில் கடற்படை அல்லது வணிகக் கடற்படை, நாட்டில் இந்தியா என்று வடிகட்டி, கூடுதல் தகவல் கட்டத்தில் ஊரைப் போடுங்கள். அதுவும் அன்றைய பேரில்: ராம்நாட், டாஞ்சூர், டின்னவெல்லி, மதுரா, ட்ரிச்சினோபோலி, ரங்கூன். தகப்பனார் பேரும் அந்தக் கட்டத்தில் இருக்கும். கப்பல் தெரிந்தால் கப்பல் பேரையும் இறந்த தேதியையும் மட்டும் போட்டு, அந்த நாளில் அந்தக் கப்பலில் போன எல்லோரையும் வரிசையாகப் படியுங்கள். "சாமி"யில் எஸ்ஸுக்கும் எம்முக்கும் நடுவில் ஏ மட்டும் இருக்கலாம், டபிள்யூவும் சேர்ந்திருக்கலாம். "முத்து" முடூவாகியிருக்கும். கண்ணால் பார்க்காமல் வாயால் உரக்கப் படித்தால் சட்டென்று பிடிபடும். சாதிப் பட்டம் மட்டுமே பேராக நிற்பதும் உண்டு.

பிடிபட்டுச் சிறையில் இருந்தவர் என்றால் பி.டி. 373 தொகுதி. ரங்கூனுக்கு வந்துகொண்டிருந்த கெம்மண்டைன் கப்பலை 1940 ஜூலை 13 அன்று அட்லாண்டிஸ் என்ற ஜெர்மன் கப்பல் இந்தியப் பெருங்கடலில் பிடித்தது. இப்படிப் பல கப்பல்களில் பிடிபட்ட இந்தியக் கப்பலாட்கள் வட ஜெர்மனியில் பிரேமன் அருகே மிலாக் நோர்ட் முகாமில் அடைபட்டிருந்தார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் போர்க் கைதிகள் பற்றிய கேள்விகளை ஏற்கிறது. ஆனால் குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டும் வாசல் திறப்பார்கள். அதைக் கவனித்து அன்றே அனுப்பிவிட வேண்டும்.

ராயல் இந்தியக் கடற்படையில் இருந்து உயிரோடு திரும்பியவர்

மாலுமிகளின் சேவைக் குறிப்புகளைக் கவனிப்பது மும்பை மான்குர்டில், சீட்டா கேம்ப்பில் உள்ள கடற்படையின் மாலுமிகள் பணியகம். அதிகாரிகளுக்கு டெல்லி கடற்படைத் தலைமையகம். எழுதும்போது சேவை எண்ணை முதல் வரியில் போடுங்கள். எண் தெரியாவிட்டால் பேர், தகப்பனார் பேர், அன்றைய மாவட்டப்படி ஊர், சேர்ந்த வருடம், கப்பல்கள், வேலைப் பிரிவு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொடுங்கள். உறவைக் காட்டும் சான்று இணைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தியக் குடியுரிமையுள்ள சொந்தக்காரர் இருந்தால் அவர் பேரில் எழுதுவது எல்லா வகையிலும் நல்லது. பதில் வராவிட்டால் அவரே பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். இருபது வருடம் கடந்த நிகழ்வுகளைப் பற்றிய தகவலுக்கு அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு துணை நிற்கிறது.

தாத்தா குடும்பத்தின் பூர்வீக மாவட்டத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒருவரை நேரில் அனுப்புங்கள். தமிழ்நாடு அரசு இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் மாத உதவித்தொகை கொடுத்து வந்தது. அதற்கு மனுப் போட்டவர்களின் கோப்பில் சேவை எண் இருக்கும். 1947-க்கு முன் ஊர் திரும்பி உதவித்தொகைக்குப் பதிவு செய்த சித்தப்பா பெரியப்பா யாராவது இருந்தால் கதவு அங்கே திறக்கலாம்.

காகிதம் வந்ததும் சுருக்கெழுத்துகளைப் பார்த்துக் கலங்காதீர்கள். "டி.டி." என்றால் பணியில் இறந்தார். "ஆர்" என்றால் சொல்லாமல் போய்விட்டார். இந்த "ஆர்" பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் தல்வாரில் தொடங்கிய மாலுமிகளின் கிளர்ச்சி சில நாட்களில் பல கப்பல்களுக்கும் கரைத் தளங்களுக்கும் பரவியது. பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். சேவை அந்தக் காலத்தை ஒட்டித் திடீரென்று முடிந்திருந்தால், அதைக் குடும்பத்தில் வெட்கமாக நினைத்து மூடிவைத்திருந்தால், திறந்து பாருங்கள். அது தலைநிமிர்ந்து சொல்ல வேண்டிய சேதியாக இருக்கக்கூடும்.

பர்மா தன்னார்வப் பிரிவுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குள் 1937 முதல் 1948 வரையிலான பர்மா ஆபீஸ் கோப்புகள் தனியாக இருக்கின்றன. தொகுதிக் குறி எம். பதக்கம், வீரச் சிறப்பு என்று ஏதாவது கேள்விப்பட்டிருந்தால் லண்டன் கெசட் இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

இங்கேயே தேட வேண்டியவை

யாங்கோன் தேசிய ஆவணக் காப்பகத்தில் போருக்கு முந்தைய நிர்வாகக் கோப்புகள் உண்டு. ஆனால் தனி ஆளைத் தேட அதைவிட நம் இடங்கள் கைகொடுக்கும். கோயில் உபயப் பலகைகள், பீலிக்கான் போன்ற கோயில்களின் பழைய நன்கொடைக் கணக்குகள், சூலியா பள்ளிவாசல் போன்ற பள்ளிவாசல்களின் நிக்காஹ் ஏடுகள், தமிழ்ச் சபைகளின் ஞானஸ்நான ஏடுகள். திருமணப் பதிவில் தகப்பனார் தொழில் எழுதியிருப்பார்கள். வெளிநாட்டவர் பதிவு அட்டையான எஃப்.ஆர்.சி. வீட்டில் இருந்தால் அதில் பர்மாவுக்கு வந்த விவரத்தையும் தொழிலையும் பாருங்கள். தாத்தாவே கொடுத்த வாக்குமூலம் அது.

பேர் எந்த ஏட்டிலும் இல்லாதபோது

கடலில் இறந்தார் என்று உறுதியாகத் தெரிந்தும் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பேர் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்க முடியும். இன்றைக்கும் விடுபட்ட பேர்களைச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்திருக்க வேண்டும். படையில் இருந்தவர் என்றால் அந்தக் காலத்தில் பணியில் இறந்தாலே போதும், நோயாக இருந்தாலும் சரி. வணிகக் கப்பல்காரர் என்றால் போரின் காரணமாக இறந்தார் என்று காட்ட வேண்டும். இங்கேதான் இதுவரை சேர்த்த கப்பல் விவரம் எல்லாம் பயன்படும். ஆள் பட்டியலில் அவர் வரி, கப்பல் மூழ்கிய தேதிக்கான சான்று, குடும்பத்துக்கு வந்த கடிதமோ உதவித்தொகைச் சீட்டோ இருந்தால் அதன் நகல், உறவைக் காட்டும் சான்று ஆகியவற்றை இணையுங்கள். பெரியவர்கள் சொன்னதையும் அவர்கள் கையெழுத்தோடு எழுதி வாங்கி வையுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. பேர் எழுதப்பட வேண்டிய விதத்தை, ஆங்கில எழுத்துகளில் நீங்கள் விரும்பும்படி, தனித் தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.